சுருக்குமடியைத் தடுத்தது யார்? ஒரு வலையின் வழியே அரசின் மூன்று அதிகாரங்கள்

வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் சுருக்குமடி வலை, அதாவது மீன் கூட்டத்தையே வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் பெரிய வலை, பற்றிப் பேச்செடுத்தால் மூன்று விதமான பதில் வரும். "கவர்மெண்ட் தடை போட்டிருக்கு" என்பது ஒன்று. "கோர்ட்ல வாரத்துக்கு ரெண்டு நாள் விடலாம்னு சொல்லியாச்சு" என்பது இன்னொன்று. "பன்னெண்டு மைலுக்கு அப்பால ஸ்டேட்டுக்கு என்ன வேலை?" என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஒரே வலைக்கு மூன்று உண்மைகள் எப்படி என்பதில்தான் குழப்பம்.

வலையோடு இது நிற்பதும் இல்லை. ஆளுநர் மசோதாவை நிறுத்திவைத்தார், உச்ச நீதிமன்றம் கண்டித்தது, ஒன்றிய அரசு விதி வெளியிட்டது, மாநில அரசு அரசாணை போட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் "அரசு" என்கிற ஒரே சொல் நாலைந்து வெவ்வேறு அமைப்புகளுக்குப் பெயராகிவிடுகிறது. அவற்றைப் பிரித்துக் காட்டச் சுருக்குமடி நல்ல எடுத்துக்காட்டு. அந்த வலை மீன்வளத்தை அழிக்கிறதா, இல்லையா என்பது தனி வழக்கு. அதற்குள் இக்கட்டுரை போகவில்லை.

முதலில் நான்கு தாள்கள்

அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று தெரிய, கையில் இருக்கும் தாள் எந்த வகை என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

1. சட்டம். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ நிறைவேற்றியது. இங்கே அது 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். எந்த வலை கூடாது, எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பதையெல்லாம் இது நேரடியாக விவரிப்பதில்லை. அவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுக்கிறது.

2. விதி. அந்த அதிகாரத்தை வைத்துத் துறை எழுதுவது. அரசிதழில் வந்தால்தான் உயிர் பெறும். பிறகு அவையின் முன் வைக்கப்படும். சுருக்குமடியையும் இரட்டை மடி இழுவையையும் (இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுப்பது) தமிழ்நாட்டின் கடற்பரப்பில் எந்தப் படகும், அது நாட்டுப்படகோ விசைப்படகோ, பயன்படுத்தக் கூடாது என்பது இந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், 17(7)இல் இருக்கிறது. பேரவையில் இதற்கென்று தனியாக வாக்கெடுப்பு நடக்கவில்லை, நடக்கவும் தேவையில்லை.

3. அரசாணை. அன்றாட நிர்வாக முடிவு. தலைப்பில் "அரசாணை (நிலை)" என்றிருந்தால் பெரும்பாலும் கொள்கை முடிவு. "(வாலாயம்)" என்றிருந்தால் வழக்கமான காரியம். சுருக்குமடிக்கு முதல் தடை 2000ஆம் ஆண்டிலேயே அரசாணையாகத்தான் வந்தது. அரசாணையை இன்னொரு அரசாணையால் மாற்றலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் மீனவர் சங்கங்கள் அமைச்சரைப் பார்க்கப் போகின்றன. சட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் அமைச்சர் ஒருவரின் கையெழுத்து போதாது.

4. நீதிமன்ற உத்தரவு. 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்தது இந்த வகை. 12 கடல் மைலுக்கு அப்பால், 200 கடல் மைல் வரையான பொருளாதார மண்டலத்துக்குள், திங்கள், வியாழன் ஆகிய இரு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை, கண்காணிப்புக் கருவி பொருத்திய பதிவுபெற்ற படகுகள் சுருக்குமடி விடலாம் என்றது. இது இடைக்கால உத்தரவு. வழக்கின் முடிவு வரை தாங்கிப் பிடிக்கிற முட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

தாள்களுக்குள் ஓர் ஏறுவரிசை உண்டு. அரசாணை விதியை மீறக் கூடாது, விதி சட்டத்தை மீறக் கூடாது, சட்டம் அரசமைப்புச் சட்டத்தை மீறக் கூடாது. நீதிமன்றத்தில் வாதாடுகிறவர்கள் முதலில் தேடுவது இந்த ஏணியில் எந்தப் படி உடைந்திருக்கிறது என்பதைத்தான். "தடை அநியாயம்" என்று வாதாடுவதைவிட "இந்த விதியைப் போட இந்தச் சட்டம் அதிகாரம் கொடுக்கவில்லை" என்று வாதாடுவது எளிது.

12 கடல் மைல் என்பது என்ன கோடு?

மூன்று அதிகாரங்களுக்குப் போவதற்கு முன் இந்தக் கோட்டைக் கடக்க வேண்டும். நம் நாட்டில் அதிகாரம் இரண்டு திசைகளில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒன்று, சட்டம் இயற்றுபவர், நடத்துபவர், தீர்ப்பவர் என்ற பக்கவாட்டு வெட்டு. இன்னொன்று, ஒன்றியம், மாநிலம் என்ற மேல்கீழ் வெட்டு. செய்தியில் இரண்டும் கலந்து வருவதால்தான் தலை சுற்றுகிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 7ஆம் அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. மாநிலப் பட்டியலின் 21ஆம் பதிவு "மீன்வளம்". ஒன்றியப் பட்டியலின் 57ஆம் பதிவு "கடல் எல்லைக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பு". கடல் எல்லை கரையிலிருந்து 12 கடல் மைல், ஏறத்தாழ 22 கிலோமீட்டர். 1976ஆம் ஆண்டின் சட்டம் அதை வரையறுத்தது. 200 கடல் மைல் வரையான பொருளாதார மண்டலத்தையும் அதே சட்டம்தான் வரையறுத்தது. எனவே 12க்குள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருக்கும் மாநில அரசு, 12க்கு அப்பால் டெல்லி.

காசிமேட்டிலிருந்து கிளம்பும் விசைப்படகு ஒரே நாளில் இரண்டு அரசுகளின் கடலில் ஓடுகிறது. மணிக்கு 8 கடல் மைல் வேகம் என்று வைத்தால் கோட்டைத் தாண்ட ஒன்றரை மணி நேரம், திரும்பி வர ஒன்றரை. காலை 8 முதல் மாலை 6 வரை என்றால் 10 மணி நேரத்தில் 3 மணி போக்குவரத்துக்கே போய்விடும். மீதி 7 மணி நேரத்தில் கவலை மீனோ கானாங்கத்தை மீனோ கூட்டமாக வரும் இடத்தைக் கண்டுபிடித்து, வளைத்து, சுருக்கி, இழுத்து ஏற்ற வேண்டும். போகும்போதும் வரும்போதும் தடைசெய்யப்பட்ட வலை படகில்தான் கிடக்கும். அதை எங்கே விட்டார்கள் என்று தெரிய, கண்காணிப்புக் கருவியை விட்டால் வேறு வழியில்லை.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறதே, அதுவும் இரண்டு உத்தரவுகள் சேர்ந்ததுதான். 12 கடல் மைலுக்குள் மாநில அரசு தன் 1983 சட்டத்தின்படி தடுக்கிறது. அப்பால் ஒன்றிய அரசு தடுக்கிறது. இரண்டும் ஒரே தேதியில் வருவதால் ஒன்றாகத் தெரிகிறது. தேதி பொருந்தாவிட்டால் படகைப் பிடிக்க வந்த அதிகாரியோடு நடுக்கடலில் எல்லைத் தகராறுதான்.

2025 நவம்பரில் பொருளாதார மண்டல மீன்பிடிப்புக்கு ஒன்றிய அரசு புதிய விதிகளை வெளியிட்டது. விசைப்படகுகளும் பெரிய மோட்டார் படகுகளும் இணையவழி அனுமதிச் சீட்டு பெற வேண்டும் என்கிறது அது. மேலே சொன்ன நான்கு தாள்களில் இது இரண்டாவது வகை. நாடாளுமன்றத்தில் விவாதித்து நிறைவேறிய புதுச் சட்டம் கிடையாது. "நாடாளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது" என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள்.

துறைமுகங்களிலும் இதே வெட்டு. பெருந்துறைமுகங்கள் ஒன்றியப் பட்டியலில் 27ஆம் பதிவு. மற்றவை பொதுப் பட்டியலில் 31. எண்ணூரில் காமராசர் துறைமுகம் ஒன்றிய அரசின் கீழ் வருகிறது. பக்கத்திலேயே இருக்கும் காட்டுப்பள்ளி மாநிலக் கடல்சார் வாரியத்தின் வரம்பில் வருகிறது. லாரி ஓட்டுகிறவருக்கு இரண்டும் ஒரே சாலைதான்.

பாரிமுனையில் இறங்கினால்

திருவொற்றியூரிலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ பேருந்தில் வந்து பாரிமுனையில் இறங்கினால் ஒரு பக்கம் உயர் நீதிமன்றம், நடை தூரத்தில் கோட்டை. கோட்டைக்குள்ளேயே சட்டப்பேரவையும் தலைமைச் செயலகமும் இருக்கின்றன. நீதிமன்றம் மட்டும் தனி வளாகம். வேண்டுமென்று யாரும் இப்படிக் கட்டவில்லை என்றாலும், இந்திய ஏற்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வரைபடம் கிடைக்காது. சட்டமியற்றும் துறையும் நிர்வாகமும் ஒரே சுற்றுச்சுவருக்குள். நீதித்துறை சாலைக்கு அந்தப் பக்கம்.

அமெரிக்காவில் அதிபர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது. இங்கே தலைகீழ்: அமைச்சராக வேண்டுமென்றால் அவையின் உறுப்பினராக இருந்தாக வேண்டும். உறுப்பினர் அல்லாதவர் அமைச்சரானால் 6 மாதத்துக்குள் ஏதாவது ஓர் அவைக்குள் வர வேண்டும், இல்லையென்றால் பதவி போய்விடும். குடியரசுத் தலைவரே நாடாளுமன்றத்தின் ஓர் உறுப்பு. ஆளுநர் மாநிலச் சட்டமன்றத்தின் ஓர் உறுப்பு. தமிழ்நாட்டில் மேலவை 1986இல் கலைக்கப்பட்டதால் ஆளுநரும் 234 பேர் கொண்ட பேரவையும் சேர்ந்ததே சட்டமன்றம். நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 50ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. அரசையும் அவையையும் பிரிக்கச் சொல்லும் பிரிவு எங்கும் இல்லை.

காகிதத்தில் அவைதான் அரசைக் கட்டுப்படுத்துகிறது. அமைச்சரவை மக்களவைக்கு, மாநிலத்தில் பேரவைக்கு, கூட்டாகப் பொறுப்புள்ளது. பெரும்பான்மை போனால் ஆட்சி போகும். நடைமுறையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவரே அரசின் தலைவர். 1985இல் வந்த 52ஆவது திருத்தம், அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், இந்தப் பிடியை இன்னும் இறுக்கியது. எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி உறுப்பினர்களுக்குச் சொல்லும் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவி போகும். ஆட்களை விலைக்கு வாங்குவதைத் தடுக்க வந்த ஏற்பாடு, ஆளுங்கட்சி உறுப்பினர் தன் தொகுதி மீனவருக்காகத் தன் அரசின் மசோதாவுக்கு எதிராக வாக்களிப்பதையும் சேர்த்துத் தடுத்துவிட்டது. என் கணிப்பில், அதிகாரப் பிரிவினை பற்றிப் பேசும்போது ஆளுநரைவிட, நீதிமன்றத்தைவிட, அதிகம் கவனிக்க வேண்டியது இந்தக் கொறடாவைத்தான். அவரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

அமைச்சர் பதவிகளுக்கும் ஒரு வரம்பு உண்டு. 2003இன் 91ஆவது திருத்தப்படி அவையின் மொத்த எண்ணிக்கையில் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் கூடாது. 234க்கு 35 பேர், 543க்கு 81 பேர்.

நிறைவேறியது, ஆனால் நடைமுறைக்கு வரவில்லை

ஒரு மசோதா அவையில் நிறைவேறிய அன்று வெடி வெடிக்கிறார்கள். அதற்குப் பிறகு மூன்று வாசல்கள் இருக்கின்றன.

1. ஒப்புதல். ஒன்றியத்தில் குடியரசுத் தலைவர், மாநிலத்தில் ஆளுநர்.

2. அரசிதழில் வெளியீடு.

3. நடைமுறைக்கு வரும் தேதி. பல சட்டங்களின் முதல் பிரிவிலேயே "அரசு அறிவிக்கும் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும்" என்று எழுதியிருக்கும். அந்த அறிவிக்கை வராவிட்டால் சட்டம் புத்தகத்தில் தூங்கும்.

மூன்றாவது வாசலின் சாவி முழுக்க முழுக்க நிர்வாகத்தின் கையில். ஊதியச் சட்டத் தொகுப்பு நாடாளுமன்றத்தில் 2019இல் நிறைவேறியது, மற்ற மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2020இல். நான்கும் நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்று. குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2024 மார்ச்சில்தான் வந்தன. மணலியிலோ எண்ணூரிலோ ஒரு ஆலைத் தொழிலாளி "2020லயே சட்டம் வந்துடுச்சே" என்று 2022இல் தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போயிருந்தால் பழைய சட்டத்தைத்தான் காட்டி அனுப்பியிருப்பார்கள். சட்டத்தின் ஆண்டைப் பார்ப்பதோடு நிற்காமல் அறிவிக்கையின் தேதியையும் பார்க்க வேண்டும்.

அவசரச் சட்டம் இதற்கு நேர் எதிரான வழி. அவை கூடியிராத நேரத்தில் அமைச்சரவையின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவரோ ஆளுநரோ வெளியிடுவது. அன்றே அமலாகலாம். ஆனால் அவை கூடி 6 வாரத்துக்குள் சட்டமாக்காவிட்டால் காலாவதியாகிவிடும். இதையே திரும்பத் திரும்ப வெளியிட்டுக் காலம் கடத்துவது அரசமைப்பின் மீதான மோசடி என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. அந்த வழக்கு பீகாரிலிருந்து வந்தது.

ஆளுநரின் மேசை

200ஆம் பிரிவின்படி, மசோதா வந்தால் ஆளுநர் ஒப்புதல் தரலாம், அவைக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் பார்வைக்கு ஒதுக்கலாம். திருப்பி அனுப்பியதை அவை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. "எத்தனை நாளுக்குள்" என்று அந்தப் பிரிவில் இல்லை. சண்டை முழுவதும் இந்த ஒரு வரி இல்லாமல் போனதிலிருந்து பிறந்தது.

2023 நவம்பரில் தமிழ்நாடு ஆளுநர் 10 மசோதாக்களுக்கு ஒப்புதலை மறுத்தார். அதே மாதம் 18ஆம் தேதி பேரவை சிறப்புக் கூட்டம் கூட்டிப் பத்தையும் மீண்டும் நிறைவேற்றியது. அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, இது சட்டத்துக்குப் புறம்பானது என்றது, 142ஆம் பிரிவின் கீழ் தனக்குள்ள அதிகாரத்தை வைத்து, பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது, காலக்கெடுவும் வகுத்தது. ஆளுநரின் கையெழுத்து இல்லாமலே அந்த மசோதாக்கள் அரசிதழில் வந்தன.

பிறகு குடியரசுத் தலைவர் 143ஆம் பிரிவின்படி 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 2025 நவம்பர் 20 அன்று 5 நீதிபதிகள் கொடுத்த கருத்துரையின் சாரம்: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாக நீதிமன்றமே கருதிக்கொள்ளவும் முடியாது, ஆனால் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் அப்படியே முடக்கிப் போடவும் முடியாது, காரணமே சொல்லாமல் நீண்ட காலம் சும்மா இருந்தால், முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் வரம்புக்குட்பட்டுத் தலையிடலாம்.

இதில் இரு தரப்பினரும் தங்கள் வெற்றியைப் படித்தார்கள். நிதானமாகப் பார்த்தால் நீதிமன்றம் தனக்கே ஒரு வேலி போட்டுக்கொண்டது. "முடிவெடு" என்று சொல்லலாம், "இந்த முடிவை எடு" என்று சொல்லவோ, அந்த முடிவைத் தானே எடுக்கவோ கூடாது. கருத்துரை என்பது மேல்முறையீட்டுத் தீர்ப்பு அல்ல என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நீதிமன்றத்தால் எது முடியும்?

உயர் நீதிமன்றத்துக்கு 226ஆம் பிரிவும் உச்ச நீதிமன்றத்துக்கு 32ஆம் பிரிவும் நீதிப்பேராணை பிறப்பிக்கும் அதிகாரம் தருகின்றன. ஐந்து வகை உண்டு. மக்கள் அதிகம் சந்திப்பவை மூன்று. ஆளைக் காணவில்லை, போலீஸ் கூட்டிப்போனது என்றால் ஆட்கொணர்வு மனு. அதிகாரி செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றால் செயலுறுத்தும் பேராணை. செய்த உத்தரவே தவறு என்றால் ஆவணங்களை வரவழைத்து ரத்துசெய்யும் பேராணை.

நீதிமன்றத்துக்குச் சொந்தமாகப் படையும் இல்லை, பணமும் இல்லை. 144ஆம் பிரிவு எல்லா அதிகாரிகளும் உச்ச நீதிமன்றத்துக்கு உதவ வேண்டும் என்கிறது. அந்த அதிகாரிகள் வேலை செய்வது நிர்வாகத்தில். கடலில் படகை நிறுத்திப் பார்ப்பது மீன்வளத்துறை. நீதிபதி போய்ப் பார்ப்பதில்லை. உத்தரவை நிறைவேற்றாவிட்டால் கையில் இருப்பது அவமதிப்பு வழக்கு: 1971 சட்டப்படி அதிகபட்சம் 6 மாதச் சிறை அல்லது ரூ.2,000 அபராதம், அல்லது இரண்டும். ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும். பெரும்பாலான அவமதிப்பு வழக்குகள் அதிகாரி நேரில் வந்து, மன்னிப்புக் கேட்டு, உத்தரவை நிறைவேற்றியதாகத் தாக்கல் செய்வதோடு முடிகின்றன. நோக்கமும் அதுதான்.

பசுமைத் தீர்ப்பாயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடாளுமன்றம் உருவாக்கியது அது. நீதிபதிகளோடு சுற்றுச்சூழல் வல்லுநர்களும் அமர்வார்கள். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது யாரும் மனுப் போடும் முன்பே தானாக வழக்கை எடுத்தது. இப்படித் தானாக எடுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021இல்தான் உறுதி செய்தது.

அவை தீர்ப்பை மாற்றலாமா?

தீர்ப்பை நேரடியாக "செல்லாது" என்று சொல்ல அவைக்கு அதிகாரம் இல்லை. தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த சட்டத்தை மாற்றலாம். மாற்றினால் தீர்ப்பு தானாகவே தரையிழக்கும். இதன் முதல் பெரிய பாடம் சென்னையிலிருந்தே போனது. மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பிரித்த மதராஸ் மாகாண வகுப்புவாரி அரசாணையை, செண்பகம் துரைராஜன் வழக்கில் உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ரத்துசெய்தன. அதே ஆண்டு ஜூனில் நாடாளுமன்றம் அரசமைப்புச் சட்டத்தையே திருத்தி 15(4)ஐச் சேர்த்தது. முதல் திருத்தம் அதுதான்.

சல்லிக்கட்டும் இதே பாதைதான். 2014 மே மாதம் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தைக் காட்டி உச்ச நீதிமன்றம் தடுத்தது. விலங்குவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் வருகிறது. மாநிலச் சட்டம் ஒன்றியச் சட்டத்தோடு மோதினால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை. 2017 ஜனவரியில் மெரினா போராட்டத்தின்போது முதலில் அவசரச் சட்டம், சில நாளில் பேரவையில் மசோதா, பிறகு குடியரசுத் தலைவர் ஒப்புதல். 2023 மே 18 அன்று 5 நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. நீட் விலக்கு மசோதாவும் ஏறக்குறைய இதே வாசலில் போய் நின்றது. அங்கே குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஒரே வாசல், இரண்டு முடிவுகள். திறப்பதா மூடுவதா என்பதை ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனை தீர்மானிக்கிறது.

திருத்தத்துக்கும் ஒரு கரை உண்டு. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் சிதைக்க முடியாது என்றார்கள். 7க்கு 6, ஒரே ஒரு கை மாறியிருந்தால் கதை வேறு. நீதிபதிகள் நியமனத்துக்கு ஆணையம் அமைத்த 99ஆவது திருத்தம் 2015இல் வீழ்ந்தது இந்தக் காரணத்தால்தான்.

பணப்பெட்டி

தடைக்கால நிவாரணம் மீனவர் கணக்குக்கு வர, அமைச்சர் அறிவித்தால் மட்டும் போதாது. அரசின் வருவாய் சேரும் தொகுப்பு நிதியத்திலிருந்து ஒரு ரூபாய் எடுக்கவும் அவை ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேற்ற வேண்டும். துறைவாரியாக மானியக் கோரிக்கை வரும், எதிர்க்கட்சி வெட்டுத் தீர்மானம் கொடுக்கும், வாக்கெடுப்பு நடக்கும். நீதிபதிகளின் சம்பளம் மட்டும் இந்த வாக்கெடுப்புக்கு வராது. கோபத்தில் யாரும் குறைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. செலவழித்த பிறகு கணக்குத் தணிக்கைத் தலைவரின் (சிஏஜி) அறிக்கை அவைக்கு வரும், பொதுக் கணக்குக் குழு விசாரிக்கும். இந்த அறிக்கைகள் ஆண்டுக்கணக்கில் தாமதமாக வருவதால் பத்திரிகையில் ஒரு நாள் தலைப்பாகி மறைகின்றன.

எந்தக் கதவை எப்போது தட்டுவது?

வலை பறிமுதலானது, நிவாரணம் வரவில்லை, கழிமுகத்தில் கழிவு கலக்கிறது என்பன போன்ற சிக்கல்களுக்கு வரிசை முக்கியம்.

1. தாளைக் கண்டுபிடியுங்கள். எந்தச் சட்டம், எந்த விதி, எந்த அரசாணை என்று அதிகாரி எழுத்தில் சொல்லவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டி மனுப் போடலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.

2. எந்தக் கடல் என்று பாருங்கள். 12 மைலுக்குள் நடந்ததா, அப்பாலா? மாநிலத் துறைக்குப் போக வேண்டிய மனு ஒன்றிய அமைச்சகத்துக்குப் போனால் "தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டது" என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு மாதங்கள் ஓடிவிடும்.

3. அரசாணை மாற வேண்டுமா, சட்டம் மாற வேண்டுமா? முதலாவதற்கு அமைச்சரும் துறைச் செயலாளரும். இரண்டாவதற்கு உறுப்பினர்கள். வடசென்னை மக்களவைத் தொகுதிக்குள் திருவொற்றியூர், ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் என்று ஆறு பேரவைத் தொகுதிகள். பொருளாதார மண்டலச் சிக்கலைப் பேரவை உறுப்பினரிடம் கொடுத்தால் அவரால் தீர்மானம் போட முடியும், சட்டம் போட முடியாது. அதை மக்களவை உறுப்பினரிடம் கொண்டுபோக வேண்டும்.

4. சுற்றுச்சூழல் சிக்கல் என்றால் தீர்ப்பாயத்துக்குப் போகக் கெடு உண்டு: பிரச்சினை எழுந்ததிலிருந்து 6 மாதம், இழப்பீடு கேட்க 5 ஆண்டு. கெடு தெரியாமல் மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருந்து தவறவிட்டவர்கள் அதிகம்.

5. உயர் நீதிமன்றம் கடைசியில். அதற்கு முன் துறைக்கு எழுத்து மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வைத்திருக்க வேண்டும். "அதிகாரியிடம் கேட்டீர்களா?" என்பதுதான் செயலுறுத்தும் பேராணை வழக்கில் முதல் கேள்வி. தனி நீதிபதியின் உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் இரு நீதிபதிகள் அமர்வில் மேல்முறையீடு. அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு 90 நாள்.

இந்த ஐந்தாவது கட்டத்தில் வரும் ஏமாற்றம் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பல வழக்குகளில் நீதிமன்றம் "மனுதாரரின் மனுவைத் தகுதியின் அடிப்படையில் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் உத்தரவு பிறப்பிக்கவும்" என்று முடித்துவிடும். வெளியே வந்து "ஜெயிச்சிட்டோம்" என்று இனிப்பு கொடுப்பார்கள். "பரிசீலிக்கவும்" என்றால் "கொடுக்கவும்" என்று பொருள் இல்லை. அதிகாரி பரிசீலித்து, காரணம் எழுதி, மறுத்தாலும் உத்தரவை நிறைவேற்றியதாகவே ஆகும். அவமதிப்பு வழக்கு நிற்காது. அந்த மறுப்பு உத்தரவுதான் அடுத்த வழக்கின் தொடக்கத் தாள். அதில் காரணம் எழுதியிருக்கிறதா, எந்த விதியைக் காட்டியிருக்கிறது, அந்த விதியைப் போடச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று மறுபடியும் ஏணியின் கீழ்ப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு போக வேண்டும்.